பால்வாடி டீச்சரின் முதல் வருடம்: கடலூர், புதுச்சேரிப் பக்கம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

அங்கன்வாடியிலோ நர்சரிப் பள்ளியிலோ இந்த வருடம் புதிதாகச் சேர்ந்தவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பணி ஆணை வாங்கிய சந்தோஷம் இரண்டு நாளைக்கு இருக்கும். மூன்றாம் நாள் காலை இருபது பிள்ளைகள் வந்திருப்பார்கள். ஆறு பேர் அழுவார்கள், ஒருவன் வாசலைத் தாண்டி ஓடுவான், அடுப்படியிலிருந்து ஆயா கூப்பிடுவார், செல்போனில் வருகைப் பதிவு ஏறாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். இந்த வேலையை யாரிடம் கற்றுக்கொள்வது என்று அன்றைக்குத்தான் தோன்றும்.

பயிற்சி வரும். வரத்தான் வேண்டும். ஆனால் இருபது வருடத்துக்கு மேல் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்த பிறகு எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. பிள்ளையைப் பார்க்கவும் பார்த்ததை அப்படியே எழுதவும் பழகிய டீச்சருக்குத்தான் பயிற்சி ஒட்டுகிறது. மற்றவர்களுக்கு ஃபைலில் சான்றிதழ் சேர்கிறது, வகுப்பறை பழையபடியே இருக்கிறது. அதனால் சான்றிதழ் பேச்சைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

முதல் படி: உங்கள் அலுவலகம் எது?

முள்ளோடையைத் தாண்டினால் ஆட்சி மாறிவிடும். பிள்ளைகள் அதே பிள்ளைகள், பேச்சும் அதே பேச்சு, அலுவலகம் மட்டும் வேறு. கடலூர் மாவட்ட அங்கன்வாடிகள் தமிழ்நாடு அரசின் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தில் வருகின்றன. வட்டாரத்துக்குக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர், அவருக்குக் கீழே மேற்பார்வையாளர்கள். நாம் பேச்சில் சிடிபிஓ மேடம், சூப்பர்வைசர் மேடம் என்போம். புதுச்சேரியில் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறை. அங்கே அரசுத் தொடக்கப் பள்ளிகளிலேயே எல்கேஜி, யுகேஜி உண்டு. அந்த வகுப்பை எடுக்கும் பாலசேவிகாக்கள் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் வருவார்கள். தமிழ்நாட்டிலும் 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கப்பட்டன. உங்கள் மையம் அப்படிப்பட்டதா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியென்றால் இரண்டு துறையிலிருந்தும் உங்களுக்குத் தகவல் வர வேண்டும்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், பயிற்சி அழைப்பு அலுவலகம் வழியாகத்தான் வருகிறது. மேற்பார்வையாளரின் பட்டியலில் உங்கள் பெயரும் செல்போன் எண்ணும் சரியாக இருக்கிறதா என்று நேரில் பாருங்கள். ஒரு எண் தப்பாக இருந்ததால் முழுப் பயிற்சியையும் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று. இந்தத் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியபோதே அதில் ஆறு சேவைகள் வைத்தார்கள்: இணை உணவு, முன்பருவக் கல்வி, சத்துணவு மற்றும் சுகாதாரக் கல்வி, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல். பாட்டும் கதையும் மட்டும்தான் வேலை என்று வந்தவர்கள் எடைக் கருவியைப் பார்த்ததும் சலித்துக்கொள்வார்கள். எனக்கு அந்த எடைக் கருவியும் பாடப் பொருள்தான். மூன்று மாதமாக எடை ஏறாத பிள்ளை கதை நேரத்தில் சுருண்டு படுத்தால், அதற்குக் கதை காரணமில்லை.

முதல் இரண்டு வாரம்: எதையும் மாற்றாதீர்கள்

சுவரில் இருக்கும் படம் பழசு, பொம்மை உடைந்தது, ஆயா அதட்டுகிறார் என்று எல்லாமே கண்ணை உறுத்தும். இரண்டு வாரம் பொறுங்கள். உதவியாளர் உங்களுக்கு முன்னால் பத்து வருடமாக அங்கே இருப்பவராக இருக்கலாம். எந்தப் பிள்ளைக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது, எந்த வீட்டில் அப்பா குடித்துவிட்டு வருவார், யாரை அம்மா தவிர வேறு ஆள் வந்து கேட்டால் அனுப்பக் கூடாது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். எந்தப் பதிவேட்டிலும் அது இருக்காது. "அக்கா, இந்தப் புள்ள ஏன் இப்புடி மூலையிலேயே நிக்கிது?" என்று கேளுங்கள். கேட்டால் சொல்வார். நீங்கள் மரியாதை கொடுத்துக் கேட்டதைப் பிள்ளைகளும் பார்ப்பார்கள்.

பதினைந்து நாளுக்குள் எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரையும் மனப்பாடம் செய்துவிடுங்கள். அழும் பிள்ளையைச் செல்லப் பெயரில் கூப்பிட்டால் அழுகையின் சுருதியே இறங்கும்.

மூன்றாம் வாரம்: ஒரு நோட்டு வாங்குங்கள்

நாற்பது பக்க நோட்டு போதும். அலுவலகப் பதிவேட்டோடு இதைச் சேர்க்காதீர்கள். இது உங்களுடையது. பிள்ளைக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். முழுப்பெயர் வேண்டாம், உங்களுக்கு மட்டும் புரியும் ஓர் எழுத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். நோட்டு தொலைந்தால்கூட அந்தக் குடும்பத்தின் விஷயம் தெருவுக்கு வரக் கூடாது.

பிள்ளைகள் தாமாக விளையாடும் இருபது நிமிடத்தில் பத்து நிமிடம் ஒரே ஒரு பிள்ளையைப் பாருங்கள். பேசாதீர்கள், திருத்தாதீர்கள், பாராட்டவும் வேண்டாம். அவர்கள் உயரத்துக்குத் தரையில் உட்கார்ந்து, கண்ணில் படுவதை எழுதுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பிள்ளை என்றால் இருபது பிள்ளைக்கு ஒரு மாதம் ஆகும். அந்த வேகம் சரியானது.

எப்படி எழுதுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆரம்பத்தில் நான் எழுதியது இப்படி: "இன்று தண்ணீரைக் கொட்டிக் குறும்பு செய்தான். சொன்னால் கேட்பதில்லை." மூன்று மாதம் கழித்துப் படித்தேன். அதில் பிள்ளையே இல்லை, என் எரிச்சல்தான் இருந்தது. எப்படி எழுத வேண்டும் என்று பிடிபட்ட பிறகு, அதே பையனைப் பற்றி எழுதிய பக்கத்தை அப்படியே தருகிறேன். மூன்றரை வயது, மீன்பிடிக்கும் வீட்டுப் பிள்ளை.

"காலை 10.20. தண்ணீர் டப்பு. சிவப்பு டம்ளரில் மொண்டு பச்சை பாட்டிலில் ஊற்றுகிறான். பாட்டில் வாய் சின்னது, பாதி வெளியே போகிறது. நிறுத்திவிட்டான். பாட்டிலைப் பார்க்கிறான். தரையில் வைத்தான். இடது கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வலது கையால் மெதுவாக ஊற்றினான். நிரம்பி வழிந்தது. 'போதும்' என்றான், யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. கவிழ்த்துவிட்டு மறுபடி. ஏழு தடவை. ஏழாவது தடவை வழியவில்லை, கழுத்து வந்ததும் நிறுத்திவிட்டான். 10.31க்கு வேறொரு பையன் டம்ளரைப் பிடுங்கினான். அழுதான், அடிக்கவில்லை."

இந்தப் பத்து வரியில் எத்தனை பாடம் இருக்கிறது பாருங்கள். இரண்டு கையும் இரண்டு வேலை செய்கின்றன. தவறு எங்கே என்று அவனே கண்டுபிடித்தான். அளவு புரிய ஆரம்பித்திருக்கிறது. பதினோரு நிமிடம் ஒரே வேலையில் கவனம் நிற்கிறது. கோபத்தை அழுகையாக வெளியேற்றத் தெரிகிறது, "எனக்குக் குடு" என்று கேட்க இன்னும் தெரியவில்லை. அப்படியென்றால் அடுத்து நான் செய்ய வேண்டியது என்ன? ஒரு புனல் வேண்டும். பழைய பாட்டிலின் மேல்பாகத்தை வெட்டிக் கவிழ்த்தால் புனல், விளிம்பில் டேப் ஒட்டினால் கையைக் கிழிக்காது. இரண்டாவது, "எனக்குக் குடு", "முடிச்சிட்டுத் தரேன்" என்ற இரண்டு வாக்கியத்தைப் பொம்மை வைத்து விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். என்ன பார்த்தேன், அதற்கு என்ன பொருள், நாளைக்கு என்ன செய்வேன் என்று ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள். மூன்றாவதைத் தள்ளிப்போட்டால் நோட்டு வெறும் நாட்குறிப்பாகிவிடும்.

சோம்பேறி, முரடு, மந்தம், சமத்து போன்ற சொற்களை நோட்டுக்குள் விடாதீர்கள். "சமத்து" என்ற நல்ல சொல்லைக்கூடத்தான். அதை எழுதிவிட்டால் அந்தப் பிள்ளையை மேற்கொண்டு பார்க்க மாட்டோம். எனக்கு அப்படித்தான் ஆனது.

2016ஆம் வருடம். நான்கு வயதுப் பெண் பிள்ளை. அழ மாட்டாள், ஓட மாட்டாள், வைத்த இடத்தில் இருப்பாள். பாட்டு நேரத்தில் மற்றவர்களைப் பார்த்துக் கை ஆட்டுவாள். அவள் பக்கத்தில் "சமத்து" என்று எழுதி வைத்திருந்தேன். எட்டு மாதம் கழித்துப் பள்ளி முன்பருவப் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் மருத்துவக் குழு மையத்துக்கு வந்தது. அந்த டாக்டர் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கை தட்டினார். அவள் திரும்பவில்லை. காது கேட்காத பிள்ளை எட்டு மாதம் என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள், நான் அவளை மெச்சிக்கொண்டிருந்தேன். மற்றவர்களைப் பார்த்துத்தான் கை ஆட்டுகிறாள், கண்ணை மூடினால் ஆட்ட மாட்டாள் என்பதைப் பத்து நிமிடம் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருக்கலாம். இதைச் சொல்ல இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு இதை மறைக்காமல் சொல்வதுதான் அவளுக்கு நான் செய்யக்கூடிய நியாயம்.

அந்தக் குழு ராஷ்டிரிய பால் ஸ்வாஸ்த்ய காரியகிரம் என்ற தேசியத் திட்டத்தில் வருவது. 2013இல் தொடங்கியது. அங்கன்வாடிப் பிள்ளைகளை வருடத்துக்கு இரண்டு முறை பார்க்க வேண்டும். பிறவிக் குறை, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் இந்த நான்கையும் தேடுவார்கள். அவர்கள் வரும் நாளில் உங்கள் நோட்டைக் கையில் வைத்திருங்கள். "இந்தப் பிள்ளை பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, நான்கு தடவை பார்த்தேன்" என்று தேதியோடு சொன்னால் டாக்டர் நின்று கேட்பார். அவர்கள் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஒரு வயது முடிந்தும் பெயருக்குத் திரும்பாத குழந்தை, இரண்டு வயது முடிந்தும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத குழந்தை, ஏற்கெனவே பேசியதை மறந்துகொண்டே வரும் குழந்தை: இவர்களை உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ அனுப்புங்கள். புதுச்சேரிப் பக்கம் என்றால் ஜிப்மர் இருக்கிறது. "வளர வளர சரியாயிடும்" என்று பெற்றோரைத் தேற்றாதீர்கள். அவர்கள் கேட்க விரும்புவது அந்த வார்த்தையைத்தான். ஆனாலும் வேண்டாம்.

மேல்கையின் நடுப்பகுதிச் சுற்றளவு அளக்கும் நாடாவையும் இந்த மாதமே பழகிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் கடுமையான மெலிவு, 11.5 முதல் 12.5 வரை நடுத்தரமான மெலிவு. நாடா இறுக்கினாலும் தளர்ந்தாலும் கணக்கு மாறும். ஒரே பிள்ளைக்கு நீங்களும் ஆயாவும் தனித்தனியாக அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள். இருவருக்கும் ஒரே அளவு வரும்வரை பழகலாம்.

இரண்டாம் மாதம்: பாடத்திட்டத்தைப் படியுங்கள்

தமிழ்நாட்டு அங்கன்வாடிக்கு "ஆடிப் பாடி விளையாடு பாப்பா" என்ற வருடாந்திரப் பாடத்திட்டம் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு கருப்பொருள், வயதுக்குத் தகுந்த செயல்பாட்டுப் புத்தகம். மத்திய அரசு 2023 மே மாதம் "போஷன் பி படாய் பி" என்ற பெயரில், சத்துணவோடு படிப்பும் என்ற பொருளில், அங்கன்வாடிப் பணியாளர் பயிற்சியைத் தொடங்கியது. 2024இல் இரண்டு சட்டகங்கள் வந்தன. பிறப்பு முதல் மூன்று வயது வரை "நவசேத்னா", மூன்று முதல் ஆறு வரை "ஆதார்ஷிலா". ஆதார்ஷிலாவின் வருடக் கணக்கு எனக்குப் பிடித்தது: பிள்ளைகள் மையத்துக்குப் பழகவே நான்கு வாரம், கற்றலுக்கு 36 வாரம், திரும்பப் பார்க்க எட்டு வாரம். பழகுவதற்கு நான்கு வாரம் என்று தாளிலேயே எழுதியிருப்பதால், ஜூன் மாதம் பிள்ளை அழுதுகொண்டே இருந்தால் உங்கள் திறமைமேல் சந்தேகப்பட வேண்டாம்.

தனியார் நர்சரியில் இருப்பவர்களும் 2022 அக்டோபரில் வெளியான அடிப்படைநிலைத் தேசியக் கலைத்திட்டச் சட்டகத்தைப் பார்த்து வைக்க வேண்டும். தேசியக் கல்விக் கொள்கை 2020 மூன்று முதல் எட்டு வயதை ஒரே நிலையாக வைத்ததன் விளக்கம் அதில் இருக்கிறது. முழுவதையும் ஒரே மூச்சில் படிக்காதீர்கள். நோட்டில் எழுதிய ஒரு பிள்ளையை மனதில் வைத்துக்கொண்டு, அவனுக்குப் பொருந்தும் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். தண்ணீர் ஊற்றிய பையனை வைத்துத்தான் நான் அளவைப் பற்றிய பகுதியைப் படித்தேன். இன்னும் மறக்கவில்லை.

பிள்ளையைப் பார்த்து அதன் பின்னால் போவது நான் கண்டுபிடித்த வழியில்லை. மரியா மாண்டிசோரி அடிப்படையில் மருத்துவர். பார்த்துப் பார்த்துத்தான் தன் முறையை அமைத்தார். 1939இல் அவர் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது நம் பக்கத்துக் கதை. மகாராஷ்டிரத்தில் தாராபாய் மோடக்கும் அனுதாய் வாக்கும், பழங்குடிப் பிள்ளைகள் பள்ளிக்கு வராததைப் பார்த்துவிட்டுப் பள்ளியை அவர்கள் வீட்டு முற்றத்துக்கே கொண்டுபோனார்கள். அங்கன் என்றால் முற்றம். நம் மையத்தின் பெயரே அங்கிருந்து வந்தது. மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு 1972இல் கொடுத்த அறிக்கை இந்தத் திட்டத்துக்கு அடித்தளமானது.

மூன்றாம் மாதம்: கைக்கெட்டும் பொருள்கள்

விலைகொடுத்து வாங்கிய பிளாஸ்டிக் பொருள்கள் பீரோவில் பூட்டியிருக்கும், உடைந்தால் கணக்குச் சொல்ல வேண்டுமே என்ற பயம். பூட்டைத் திறங்கள். அதோடு ஊரையும் உள்ளே கொண்டுவாருங்கள். தேவனாம்பட்டினம், தாழங்குடா பக்கம் கிளிஞ்சல் அள்ளலாம். பெரிசு, சின்னது, கோடு போட்டது, வழுவழுப்பானது என்று பிள்ளைகளே பிரிப்பார்கள். பண்ருட்டிப் பக்கம் பலாக்கொட்டை கிடைக்கும். கழுவிக் காயவைத்தால் எண்ணுவதற்கு அருமையான பொருள். பனை ஓலைக் காற்றாடி, நுங்கு வண்டி, தேங்காய்ச் சிரட்டை, துணிக்கடை அட்டைப் பெட்டி எல்லாம் உதவும். வில்லியனூரில் களிமண் வேலையும் திருக்கனூரில் காகிதக்கூழ் பொம்மையும் புவிசார் குறியீடு பெற்ற தொழில்கள். அந்தப் பக்கம் இருப்பவர்கள் ஒரு கைவினைஞரை அரை நாள் மையத்துக்கு அழைத்துவந்து பாருங்கள். ஈரக் களிமண்ணை உருட்டும் விரல்தான் நாளைக்குப் பென்சில் பிடிக்கும்.

எச்சரிக்கை மூன்று. உடைக்காத முந்திரிக் கொட்டை மையத்துக்குள் வரக் கூடாது, தோட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். புளியங்கொட்டை மூக்கில் போகும். மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இருக்கும் இடத்தில் கொட்டை, பாசி, பட்டன் எதுவுமே வேண்டாம். தண்ணீர் டப்பு வைத்தால் கண் அதைவிட்டு நகரக் கூடாது, முடிந்ததும் கவிழ்த்துவிட வேண்டும்.

விளையாட்டையும் நோட்டுக் கண்ணோடு பாருங்கள். "குலைகுலையா முந்திரிக்கா" ஆடும்போது வட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை தன் முறை வரும்வரை காத்திருக்கிறது, முதுகுக்குப் பின்னால் நடப்பதைக் காதால் பிடிக்கிறது, துணி தன் பின்னால் விழுந்தது தெரிந்ததும் எழுந்து சரியான பக்கம் ஓடுகிறது. அந்த எட்டு மாதம் நான் இந்த விளையாட்டை ஒரு தடவை கவனித்திருந்தாலும் போதும்.

"எழுத வைங்க டீச்சர்"

நான்காம் மாதத்தில் இந்தப் பேச்சு வரும். எனக்கு வந்தது இப்படி: "பக்கத்து வூட்டுப் பொண்ணு ஏபிசிடி ஃபுல்லா எழுதுது டீச்சர். எம் புள்ள இங்க வந்து மண்ணுலயே வெளயாடிட்டு வரான்." அந்தத் தாய் முந்திரி உடைக்கும் வேலைக்குப் போய்க் கை கறுத்தவர். தன் பிள்ளை அந்த வேலைக்கு வரக் கூடாது என்ற பயத்தில் கேட்கிறார். அவரிடம் மூளை வளர்ச்சி பற்றிப் பிரசங்கம் செய்யாதீர்கள். பாயில் உட்காரவைத்து, "அக்கா, இங்க பாருங்க" என்று நோட்டைத் திறந்து காட்டுங்கள். ஜூலையில் பட்டன் போடத் தெரியவில்லை, ஆகஸ்டில் பாதி, செப்டம்பரில் தானே போட்டுக்கொண்டான். கத்தரிக்கோல் பிடிக்கிறான். மண்ணில் விரலால் வட்டம் போட்டு மூடுகிறான். "ஒரு வட்டத்த முழுசா மூடத் தெரிஞ்சாத்தான் அக்கா எழுத்து வரும்" என்றேன். அவர் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் மகனைப் பற்றி ஒருவர் இத்தனை எழுதி வைத்திருப்பார் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

நம் முன்னோர் விஜயதசமி அன்று நெல்லில் விரல் பிடித்து எழுத வைத்தார்கள். திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதினார்கள். விரலுக்கு முதலில் பெரிய வெளி வேண்டும் என்பது அந்த வழக்கத்திலேயே இருக்கிறது. எழுத்து தொடங்கும்போது ட, ப போன்ற நேர்கோட்டு எழுத்துகளிலிருந்து தொடங்கலாம். "அ"வில் எத்தனை சுழி, எத்தனை திருப்பம் என்று நீங்களே காற்றில் எழுதிப் பாருங்கள்.

செக்டார் மீட்டிங்கும் பக்கத்து மையமும்

மாதாந்திரக் கூட்டத்தில் பாதி நேரத்தைக் கணக்கும் செல்போன் செயலியும் தின்றுவிடும். அங்கன்வாடிப் பதிவுகளை ஏற்றும் போஷன் டிராக்கர் செயலி 2021இல் வந்ததிலிருந்து அப்படித்தான். ஆனாலும் அந்தக் கூட்டத்தில் உங்களுக்கு ஒத்த மனசுள்ள மூன்று பேர் இருப்பார்கள். கண்டுபிடியுங்கள். கூட்டம் முடிந்ததும் டீக்கடையில் அரை மணி நேரம் உட்காருங்கள். ஆளுக்கு ஒரு நோட்டுப் பக்கம் படிக்க வேண்டும், மற்றவர்கள் "நீ என்ன பார்த்தாய்?" என்று மட்டும் கேட்க வேண்டும், அறிவுரை கூடாது. இதை மூன்று வருடம் செய்திருக்கிறோம். எந்தப் பயிற்சி மண்டபத்திலும் கிடைக்காததை அங்கே கற்றேன்.

வருடத்தில் ஒரு நாளாவது சூப்பர்வைசரிடம் சொல்லி அனுமதி வாங்கி அவர்களில் ஒருவருடைய மையத்தில் உட்கார்ந்து வாருங்கள். உங்கள் பிள்ளைகள் அடுத்துப் போகும் ஒன்றாம் வகுப்பையும் பாருங்கள். அங்கே 2022 ஜூனிலிருந்து "எண்ணும் எழுத்தும்" என்ற அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டம் நடக்கிறது. அந்த டீச்சரிடம் "எங்க புள்ளைங்க எதுல தடுமாறுறாங்க?" என்று கேட்டேன். எழுத்து என்பார் என்று நினைத்தேன். "ரெண்டு வேலைய சேத்துச் சொன்னா ஒண்ணத்தான் செய்றாங்க" என்றார். அடுத்த வருடம் "பந்தை எடுத்து, கூடையில் போட்டு, பாயில் உட்கார்" என்று விளையாட்டையே மாற்றினேன்.

வாட்ஸப் குழுவில் பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தைப் போடாதீர்கள், நல்ல செய்திக்குக்கூட.

சட்டம்: இதைத் தெரியாமல் இருக்கக் கூடாது

போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிள்ளைமேல் பாலியல் குற்றம் நடந்தது தெரியவந்தால் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். "குடும்ப மானம்" என்று யார் வந்து பேசினாலும் இதில் உங்களுக்கு விருப்பத் தேர்வு கிடையாது. பிள்ளையைத் திரும்பத் திரும்ப விசாரிக்காதீர்கள். அது சொன்ன வார்த்தையை அப்படியே, நேரத்தோடு எழுதி வையுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098.

வருடம் முடியும்போது: சான்றிதழ்

இப்போது படிக்கலாம். என்ன தெரியாது என்பது இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். அரசின் இணையத் தளங்களான தீக்ஷாவிலும் ஸ்வயமிலும் இலவச வகுப்புகள் உண்டு. ஸ்வயமில் தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம். இக்னோ என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் முன்பருவப் பராமரிப்பு மற்றும் கல்வி டிப்ளமோ இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் சேரலாம், குறைந்தது ஒரு வருடம். அதில் பிள்ளைகளோடு செய்யும் செயல்திட்டமும் உண்டு, உங்கள் நோட்டு நேராக அங்கே பயன்படும். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் ஒப்புக்கொண்ட இரண்டு வருட முன்பருவக் கல்வி டிப்ளமோ முழுநேரப் படிப்பு. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் கடலூர் மாவட்டத்துக்கு வடலூரில் இருக்கிறது, புதுச்சேரிக்கு லாஸ்பேட்டையில். அங்கே எப்போது என்ன பயிற்சி நடக்கிறது என்று போய்க் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

பணம் கட்டும் முன் கவனம். பல வருடம் முன்பு மாண்டிசோரி டிப்ளமோ என்று ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் சேமிப்பைக் கொட்டினேன். ஆறு மாதம் படங்கள் வரைந்தோம், ஒரு குழந்தையைக்கூடக் கண்ணில் காட்டவில்லை. கடைசியில் கொடுத்த சான்றிதழை எங்குமே ஏற்கவில்லை. மாண்டிசோரி என்ற பெயருக்குத் தனி உரிமையாளர் கிடையாது, யாரும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். அதனால் யாருடைய அங்கீகாரம், அந்த ஆணையின் நகலைக் காட்ட முடியுமா, எத்தனை நாள் உண்மையான வகுப்பறையில் உட்காரவைப்பீர்கள், பாதியில் நின்றால் பணம் திரும்புமா என்று கேளுங்கள். வாயால் பதில் சொன்னால் போதாது, தாளில் வேண்டும்.

அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மத்திய அரசின் சக்ஷம் அங்கன்வாடித் திட்ட வழிகாட்டுதலின்படி மேற்பார்வையாளர் பணியிடங்களில் 50 சதவீதம், ஐந்து வருட அனுபவமும் மற்றத் தகுதிகளும் உள்ள பணியாளர்களின் பதவி உயர்வுக்கு. உதவியாளரிலிருந்து பணியாளராகவும் அதே 50 சதவீதம். உங்கள் ஆயாவிடம் இதைச் சொல்லுங்கள். படிப்பு முடிக்கும் வாய்ப்பு அவருக்கும் இருக்கலாம்.

மழைக்காலத்துக்கு முன்னால்

நம் கரைக்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி சும்மா போவதில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல். ஒவ்வொன்றுக்குப் பிறகும் மையம் திறந்ததும் பிள்ளைகள் அதையே விளையாடுவார்கள். மணலில் வீடு கட்டி, "அலை வருது" என்று தட்டிவிடுவார்கள், திரும்பக் கட்டுவார்கள். ஆரம்பத்தில் அதைப் பார்க்கவே முடியாமல் "வேற வெளயாட்டு ஆடலாம்" என்று கலைத்துவிட்டேன். கலைக்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், வீட்டைத் திரும்பக் கட்ட மணல் எடுத்துக் கொடுங்கள். பயத்தை அவர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள். பல வாரமாகியும் ஒரு பிள்ளை கட்டவே இல்லை, இடிக்க மட்டும் செய்கிறது, தூக்கத்தில் அலறுகிறது என்று அம்மாவும் சொன்னால், மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

2015இல் எங்கள் மையத்துக்குள் முழங்கால் தண்ணீர். பீரோவின் அடித்தட்டில் இருந்த பதிவேடுகள் கூழாகிவிட்டன. பயிற்சிச் சான்றிதழ் இரண்டின் அசலும் அதோடு போனது, நகல்கூட இல்லை. ஆகவே புரட்டாசி முடிவதற்குள் சான்றிதழ், பணி ஆணை, ஆதார் நகல் எல்லாவற்றையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, வீட்டில் பரண்மேல் வையுங்கள். செல்போனில் படம் எடுத்து இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். பிள்ளைகளைப் பற்றிய நோட்டுக்கும் அதே உறையில் இடம் விடுங்கள், ஆனால் அதை மட்டும் படம் எடுத்து யாருக்கும் அனுப்ப வேண்டாம்.